சம்மாட்டி வீட்டு நாய்க்கு ஒரு விளையாட்டுச் சாமான்

எங்கள் உடப்பு ஊரில் காசு கொடுத்து நாய்க்கு விளையாட்டுச் சாமான் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெயர் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அதனால் சொல்கிறேன். சந்திக் கடைக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, "என்னக்கா, மகனுக்குப் பொம்மை வாங்கியாச்சா?" என்று கேட்க ஒருத்தியாவது எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் ஊர் நாய்களுக்கு அப்படியொரு தேவை இருந்ததில்லை. அவற்றுக்குக் கடற்கரைதான் வீடு. வலை வந்தால் சாப்பாடு, வராவிட்டால் தூக்கம், இடையில் பொழுது போகாவிட்டால் தங்களுக்குள் ஒரு சண்டை. "உனக்கு அலுப்பாக இருக்கிறதா?" என்று யாரும் அவற்றிடம் போய்க் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவன் வேறு ரகம். மகள் கொழும்பில் கல்யாணம் கட்டி, மாடி வீட்டில் வளர்த்தவன். அவளும் மருமகனும் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது ஒரு அலுமாரி, ஒரு மிக்ஸி, இவன் என்று எல்லாவற்றையும் ஒரே வேனில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அலுமாரியின் கதவு வழியிலேயே கழன்றிருந்தது. மிக்ஸி வந்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை. இவன் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தான். மஞ்சள் நிறம். கன்றுக்குட்டி உயரம். வாலை ஆட்டினால் மேசையில் இருக்கிற தேத்தண்ணீர்க் கோப்பை கீழே போகும். மகள் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நான் "டேய்" என்றேன். அதற்கே ஓடி வந்தான். அன்றிலிருந்து அதுதான் கூப்பிடும் பெயர்.

"அம்மா, அவனுக்கு விளையாட்டுச் சாமான் வேணும்," என்று வீடியோ கோலில் மகள் சொன்னாள். "இல்லாட்டி அலுத்துப் போவான். அலுத்தா எல்லாத்தையும் கடிப்பான்."

பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"நாய்க்கு அலுப்பா?"

"ஓம் அப்பா."

"உன்ட அம்மாவுக்கு என்னைக் கட்டின நாள்ல இருந்து அலுப்பு. அவ எதையும் கடிச்சாவா?"

"கடிச்சிருக்கோணும்," என்றேன் நான்.

இவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இவர் கரைவலைச் சம்மாட்டி. வலையும் தோணியும் இவருடையவை. வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிற ஆட்களுக்குப் பிடிபடுகிற மீனில் பங்கு. வேறு கரைகளில் ட்ரக்டரால் இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, "ட்ரக்டருக்கு டீசல் வேணும், என்ட ஆக்களுக்குப் பிளேன்டீ போதும்," என்று சொல்லிவிட்டார். கடற்கரையில் இவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. வீட்டில் அந்தக் குறையை நான் தீர்த்து வைப்பேன்.

மகள் சொன்னது பலித்தது. முதலில் இவருடைய செருப்பைக் கடித்தான். பிறகு பாய். பிறகு கதிரைக் கால். இதெல்லாம் எனக்கு மட்டும் தலையிடி, இவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் முற்றத்தில் கிழிசல் பொத்துவதற்காக விரித்து வைத்திருந்த வலையில் ஒரு நாள் வாய் வைத்துவிட்டான். ஒரு ஆள் நுழைந்து போகிற அளவுக்கு ஓட்டை. இவர் அந்த ஓட்டையையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொருக்கா என்ட தொழில்ல இது வாய் வச்சா, வண்ணாத்திவில்லுவுக்குப் போகும்," என்றார்.

வண்ணாத்திவில்லுவில் இவருடைய கூட்டாளி ஒருவருக்கு மரமுந்திரிகைத் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்குக் காவலாகக் கட்டிப்போட அவர் ஒரு பெரிய நாயைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே போனால் இவனுக்குச் சங்கிலிதான், ஆயுள் முழுக்க.

வெட்கப்படாமல் சொல்கிறேன், நான் பயந்துபோனேன். மகள் போன பிறகு வீடு செத்துப் போயிருந்தது. இவர் விடிய முன்னமே கரைக்குப் போவார். வந்தால் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றித்தான் கதை. இவன் வந்த பிறகுதான் அடுப்படியில் இருந்து கிணற்றடிவரைக்கும் எனக்குப் பின்னால் வர ஒரு ஆள் கிடைத்தது. நான் கதைத்தால் காதை உயர்த்தி, தலையைச் சரித்து, கடைசிவரை கேட்பான். இடையில் கொட்டாவி விடமாட்டான். அப்படிப்பட்ட ஒருவரை இந்த வயதில் நான் எங்கே போய்த் தேடுவேன்? அவனை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவன் வாய்க்கு வேலை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

முதலில் செலவில்லாத வழிகளைப் பார்த்தேன். தேங்காய் மட்டை ஒன்றைப் போட்டேன். ஆசையாகக் கடித்தான், தும்பை எல்லாம் விழுங்கினான், சாயந்தரம் எல்லாவற்றையும் புதுப் பாயில் கக்கி வைத்தான். பனங்கொட்டை கொடுத்தேன். அதைக் கடிக்கிற சத்தம் கருங்கல் உடைக்கிற சத்தமாக இருந்தது. மகள் போனில் அதைக் கேட்டுவிட்டுக் கத்தினாள். "பல்லு உடைஞ்சிரும் அம்மா! எதைக் குடுத்தாலும் முதல்ல உங்கட பெருவிரல் நகத்தால அமத்திப் பாருங்க. கொஞ்சம் பதிஞ்சா குடுக்கலாம். பதியாட்டி அவன்ட பல்லுக்குக் கூடாது."

அதற்குப் பிறகு நான் பார்க்கிற எல்லாவற்றையும் நகத்தால் அமத்த ஆரம்பித்தேன். கதவுக் கட்டை, சவர்க்காரம், வாளி, செருப்பு. சந்திக் கடையில் ஒரு கத்தரிக்காயை அமத்திக்கொண்டு யோசனையில் நின்றபோது, "வாங்கிறதெண்டா வாங்குங்க அக்கா, அதுக்கு ஏன் கொலை?" என்று கடைக்காரர் பறித்து எடுத்துவிட்டார்.

பிறகுதான் பெரிய தவறு நடந்தது. வலையில் கட்டுகிற பழைய மிதப்பு ஒன்று வேலியோரம் கிடந்தது. நகம் நன்றாகப் பதிந்தது. எடைகூட இல்லை. இதைவிட நல்ல சாமான் எது என்று எறிந்து கொடுத்தேன். நான் உலைக்கு அரிசி போட்டுவிட்டு வருவதற்குள் மிதப்பில் பாதியைக் காணவில்லை. மற்றப் பாதி முற்றமெங்கும் பூப்போலச் சிதறிக் கிடந்தது. அவன் நடுவில் இருந்து, இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தான்.

ஆட்டோ பிடித்துச் சிலாபத்து மிருக வைத்தியரிடம் போனோம். ஆட்டோக்காரர் வழி நெடுகக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். வைத்தியர் நல்ல மனிதர். சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னார், எனக்கு அந்தளவு விளங்கும். வாய்க்குள் முழுசாகப் போகிற சாமான் கொடுக்கக் கூடாது. துண்டு துண்டாகப் பிய்கிற சாமான் கூடாது. நூல், நைலோன், தும்பு குடலில் சுற்றிக்கொள்ளும், அதனால் கூடவே கூடாது. எதைக் கொடுத்தாலும் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். விழுங்கிய மிதப்பு தானாக வெளியே வரும், வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் மரியாதையான சம்மாட்டி மனைவி, கையில் ஈர்க்குக் குச்சியோடு, காலையில் நாய்க்குப் பின்னால் போய்க் குந்தியிருந்தேன். மதில்மேல் தலையை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா தேடுறீங்க, தோடு துலைஞ்சு போச்சா?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். பாவம், அவளும் வந்து கூடத் தேடினாள்.

மிதப்பு வந்தது. கும்பிட வேண்டிய சாமிகளை எல்லாம் கும்பிட்டேன். இனிக் காசு கொடுத்து ஒழுங்கான சாமான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

சிலாபம்தான் கிட்ட. ஆனால் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் எங்கள் ஊர்ச் சனம் நிற்கும். நாய்க்குப் பொம்மை வாங்குகிறேன் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் பஸ் ஏறிப் புத்தளம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளின் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. தொப்பி போட்ட கடைக்காரர் முகம் மலர்ந்து வரவேற்றார்.

"வாங்கம்மா. பேரப்புள்ளைக்கா?"

என் தலை தானாக ஆடிவிட்டது.

"எத்தின வயசு?"

"ரெண்டு."

"மாஷா அல்லாஹ். பல்லெல்லாம் மொளச்சிட்டா?"

"மொளச்சது போதும் எண்டு இருக்கு."

"அப்ப எல்லாத்தையும் வாயில வைக்கிற வயசு."

"வைக்கிறான். போன கிழம கதிரைக் காலைத் திண்டான்."

கடைக்காரர் கையில் எடுத்த கிலுக்கை மெதுவாகத் திரும்ப வைத்தார். "கதிரைக் காலையா? டொக்டர்ட்டக் காட்டினீங்களா?"

"காட்டின. ஊசியும் போட்டாச்சு, விசர் பிடிக்காம இருக்கிற ஊசி."

வாயை மூடியிருக்கலாம். காலம் கடந்துவிட்டது. கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. திரும்பினால், கருவாடு கொடுக்கப் புத்தளம் வந்த எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, பையோடு நிற்கிறாள். "முதலாளி, அது இவவின்ட பேரன் இல்ல, நாய்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். மானத்தை மறைக்க இருபது மைலுக்கு மேல் பஸ்ஸில் வந்தால், மானம் எனக்கு முன்னால் வந்து கடையில் நிற்கிறது.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா, நான் அந்தப் புள்ளைய நெனச்சுப் பயந்துட்டேன்," என்றார். கொஞ்ச நேரம் தேடி, அழுத்தினால் சத்தம் போடுகிற பெரிய ரப்பர் வாத்து ஒன்றை எடுத்துத் தந்தார். நகம் பதிந்தது. வாய்க்குள் போகாது. பிய்கிற மாதிரியும் தெரியவில்லை. வாங்கினேன். நான் ஊருக்கு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

வாத்து மறுநாள் பகல் சாப்பாடுவரை உயிரோடு இருந்தது. அதன் வயிற்றைக் கிழித்து, சத்தம் போடுகிற சின்னக் குழலை எடுத்து அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டான். அந்த நேரம் இவர் போனில் மீன் வியாபாரி ஒருவரோடு விலை பேசிக்கொண்டிருந்தார். இவர் ஒரு விலை சொல்ல, பக்கத்தில் இருந்து "கீக்" என்றது. "இல்ல, சிரிக்கேல்ல," என்றார் இவர். மறுபடி சொல்ல, மறுபடி "கீக்". அந்த வியாபாரி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். நான் அவன் வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டு அந்தக் குழலை எடுத்தேன். இவர் வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"கயிறு முடிஞ்சு குடுங்க அம்மா," என்று மகள் சொன்னாள். "நைலோன் வேணாம், தும்பு வேணாம். பழைய பருத்திச் சீலைய மொத்தமா முறுக்கி, ரெண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்க. நீங்க ஒரு பக்கம் பிடிக்க அவன் மத்தப் பக்கம் இழுப்பான். அவனுக்கு அதுதான் உயிர்."

என்னுடைய பழைய சீலை ஒன்றைக் கிழித்துக் கிணற்றடியில் இருந்து முறுக்கினேன். கரையில் இருந்து வந்து அந்தப் பக்கமாகப் போன இவர் நின்றார். திரும்பி வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது என்ன?"

"முடிச்சு."

"இதுவா முடிச்சு?"

இவருக்கு நாயைப் பிடிக்காது. ஆனால் மோசமான முடிச்சைக் கண்டால் இவருக்குச் சோறு இறங்காது. என்னை நகர்த்திவிட்டுக் குந்தினார். சீலைத் துண்டுகளைப் பிரித்து, நனைத்து, மூன்று புரியாக முறுக்கி, வலைக் கயிற்றின் நுனியில் போடுகிற முடிச்சை இரண்டு பக்கமும் போட்டார். என் கைத்தடிப்புக்கு ஒரு கயிறு வந்தது. யானை வந்து இழுத்தாலும் அவிழாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நுனியை நாய்க்கு நீட்டினார்.

அவன் பிடித்தான். இவர் இழுத்தார். அவன் பின்னங்கால்களை ஊன்றி இழுத்தான். இவருடைய சாரம் அவிழப் பார்த்தது. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி பிடித்தார். கயிறு இழுத்தே வாழ்ந்த மனிதர். கை கயிற்றில் பட்டால் வாய் சும்மா இருக்காது. "ஏலேலோ!" என்றார்.

அது அம்பா, கரைவலை இழுக்கும்போது பாடுவது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்ற எல்லாரும் "ஏலேலோ" என்று சேர்ந்து இழுப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழும். அதை இவர் நாய்க்குப் பாடினார். ஒவ்வொரு "ஏலேலோ"வுக்கும் அவன் ஒரு இழுவை இழுத்தான். அன்றைக்கு மட்டுமில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கரையில் இருந்து வந்தால், "அந்தக் கயிறு எங்க?" என்று கேட்பார். நாய்க்காக இல்லையாம், முடிச்சு தாங்குகிறதா என்று பார்க்கத்தானாம். வாத்து குழப்பிய வீட்டில் சமாதானம் வந்துவிட்டது என்று நான் நம்பினேன்.

நாய்க்கு அம்பா பழக்குகிற பிழையை எங்கள் ஊர்க்காரர் தவிர வேறு யாரும் விட்டிருக்க முடியாது.

அன்று காலை நான் அடுப்படியில் நின்றேன். அவன் வாசலில் படுத்திருந்தான். எங்கள் வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு வேலிதான். கடலில் வலை வளைத்து முடிந்து, இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். காற்றில் அம்பா வந்தது. முதல் "ஏலேலோ"வுக்கு அவன் காது எழும்பியது. அடுத்ததுக்கு அவனைக் காணவில்லை. நான் கையில் இருந்த அகப்பையோடு பின்னால் ஓடினேன்.

கடலுக்குள் இருந்து கயிறு வருகிறது. ஆட்கள் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்று, பின்பக்கமாகச் சாய்ந்து இழுக்கிறார்கள். அவன் அந்தக் காட்சியைப் பார்த்து ஒரு கணம் நின்றான். அவ்வளவு நீளமான விளையாட்டுச் சாமானை அவன் கண்டதில்லை. தன்னோடு விளையாட அவ்வளவு பேர் வந்ததையும் கண்டதில்லை. நேரே போய், தண்ணீர் விளிம்பில், முதல் ஆளுக்கு முன்னால் கயிற்றைக் கவ்வினான். ஆட்களைப் பார்த்தபடி கால்களை ஊன்றினான். உறுமிக்கொண்டு கடல் பக்கம் இழுத்தான்.

ஒரு நாய் அத்தனை ஆட்களையும் இழுத்துவிட முடியுமா? முடியாது. ஆனால் சிரிக்க வைக்கலாம். சிரித்தால் கையில் பலம் நிற்காது. அம்பா எடுத்துக் கொடுக்கிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தார். "ஏலேலோ" என்று யாரோ சொல்ல, அவன் இன்னும் பலமாக இழுத்தான், சிரிப்பு இன்னும் கூடியது. தூரத்தில் மற்றக் கயிற்றில் நின்றவர்களுக்கு இங்கே நடப்பது தெரியாது. அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கரைவலை இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். அன்றைக்கு ஒரு பக்கம் வந்தது, மற்றப் பக்கம் நின்றது. வலை சரிந்தது. உள்ளே நின்ற சூடை மீன் கூட்டம் தண்ணீருக்கு மேலே மினுங்கிக்கொண்டு, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால், சரிந்த பக்கத்தால் வெளியே போனது.

சிரிப்பு நின்றது. இவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, பழகிவிட்டது. அன்று இவர் கத்தவில்லை. அம்பா பாடுகிறவர் எழும்பி மணலைத் தட்டிவிட்டு, "முதலாளி, நானும் சிரிச்சன்தான். ஆனா நாயின்ட விளையாட்டுக்கு எங்கட பங்கு போறது சரியில்ல," என்றார். நியாயமான பேச்சு. இவர் அந்த இடத்திலேயே போனை எடுத்தார். "நாளைக்குக் காலைல லொறியோட வா," என்று கூட்டாளியிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அவனுக்கு ஏலேலோ சொல்லிக் குடுத்தது ஆரு?"

"நான்தான்."

"அப்ப உங்களத்தான் வண்ணாத்திவில்லுவுக்கு அனுப்போணும்."

"இந்தா பார்," என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "அம்பா இல்லாம என்ட ஆக்கள் இழுக்கமாட்டாங்க. அம்பாவக் கேட்டா இது வீட்டுல நிக்காது. கட்டிப்போட்டா ஊர் இருக்க ஏலாம ஊளையிடும். நான் என்ன செய்யிறது, சொல்லு?"

நான் எழும்பிப் போய் அவனுக்குச் சோறு வைத்தேன்.

மறுநாள் காலை கரையில் சத்தமே இல்லை. லொறி வந்து போகும்வரை அம்பா பாட வேண்டாம் என்று இவர் சொல்லியிருந்தார். நான் அவனுடைய கோப்பையையும் வாத்தின் மிச்சத்தையும் ஒரு பையில் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். நான் அழுவது அவனுக்குப் புதுசு. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போய்க் கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து என் மடியில் போட்டான். அவனுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

கடைசியாக ஒரு தரம் என்று நுனியைப் பிடித்தேன். அவன் இழுத்தான். என்னை அடுப்படியில் இருந்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இவன் எப்போதும் தனக்கு முன்னால் நிற்கிறவரிடமிருந்துதான் பிடுங்குகிறான், தன் முதுகுப் பக்கமாகத்தான் இழுக்கிறான். நேற்று ஆட்களுக்கு முன்னால் நின்றான், முதுகு கடல் பக்கம், அதனால் கடலுக்கு இழுத்தான். அதே ஆட்களுக்குப் பின்னால் கயிற்றின் கடைசியில் விட்டால்? முதுகு கரைப் பக்கம். அவனும் கரைக்குத்தானே இழுப்பான்!

சங்கிலியைப் போட்டு, கயிற்றையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். லொறி ஏற்கெனவே தென்னைக்குக் கீழே நின்றது. கூட்டாளி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். வலைக் கயிறுகள் இரண்டிலும் ஆட்கள் பேச்சில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இழுக்கும்போது ஒருவர் விட்டார். வலை நகர மனமில்லாமல் நின்றது. எல்லாருடைய முகமும் செத்த வீட்டில் நிற்கிற முகம்.

"இஞ்ச ஏன் கொண்டு வாறாய்? லொறில ஏத்து!" என்று இவர் தூரத்தில் நின்றே கத்தினார்.

நான் காதில் வாங்கவில்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் பின்னால் போய், வலைக் கயிற்றின் வால் நுனியில் எங்கள் சீலைக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தேன். வலைக் கயிறு நைலோன், அதை அவன் வாயில் வைக்கக் கூடாது, வைத்தியர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இவர் பாய்ந்து வந்தார். என்னைத் தடுக்கத்தான் வந்தார். வந்தவர் என் முடிச்சைப் பார்த்துவிட்டார்.

"இது ஒரு முடிச்சா?" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தி, என் முடிச்சை அவிழ்த்து, தன்னுடைய முடிச்சைப் போட்டார். போட்ட பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது.

"பாடச் சொல்லுங்க," என்றேன்.

"உனக்கு விசரா?"

"பாடச் சொல்லுங்க. இண்டைக்கும் பிழைச்சா நானே அவன லொறில ஏத்துறன்."

இவர் சொல்லவில்லை. ஆனால் அம்பா பாடுகிறவர் நாங்கள் சண்டை பிடித்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. காலையில் இருந்து வாயை அடக்கி வைத்திருந்த மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். கரை முழுக்க "ஏலேலோ" எழும்பியது. நான் சங்கிலியை விட்டேன்.

அவன் சீலைக் கயிற்றைக் கவ்வினான். பின்னங்கால்களை மணலில் ஊன்றினான். உறுமிக்கொண்டு, கரைப் பக்கமாக, எல்லாரும் இழுக்கிற பக்கமாக இழுத்தான்.

அவன் இழுத்ததால்தான் வலை வந்தது என்று சொன்னால் அது பொய். ஆட்கள் இழுத்து விட்ட கயிறு பின்னால் தொய்யாமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான் அவன் உதவி. ஆனால் முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "டேய், விடாத!" என்று ஒருவர் கத்தினார். நாய் விடாதபோது மனிதன் எப்படி விடுவது? இரண்டு பக்கமும் சமமாக வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன், புரி பிய்கிறதா என்று ஒரு கண், கடலில் ஒரு கண்.

வலை கரை சேர்ந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சூடை கொஞ்சம், நெத்தலி கொஞ்சம். எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு மணலில் இருந்தார்கள். அவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போய் இருந்தான். யாரும் துரத்தவில்லை. இவர் வழக்கம்போல மீனைப் பங்கு பங்காகக் குவித்துக்கொண்டு வந்தார். கடைசியில் கொஞ்சம் நின்றார். பிறகு குனிந்து, ஒரு பிடி சூடையை அள்ளி நாய்க்கு முன்னால் வைத்தார்.

அம்பா பாடுகிறவர் அதைப் பார்த்தார். தன்னுடைய குவியலில் இருந்து ஒரு மீனை எடுத்து அதோடு சேர்த்துவிட்டார்.

கூட்டாளி கோப்பையை வைத்துவிட்டு வந்தார். "வெய்யில் ஏற முன்னம் போகோணும். ஏத்துவமா?"

இவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப ஏலாது," என்றார். "அவன் பங்கு வாங்கிட்டான்."

எங்கள் கரையில் அது ஒரு வழக்கம். ஒரு வலையில் பங்கு வாங்கியவன் பருவம் முடியும்வரை அந்த வலையை விட்டு வேறு இடத்துக்குப் போகக் கூடாது. சம்மாட்டியும் அவனைப் போகச் சொல்லக் கூடாது. கூட்டாளிக்கும் அது தெரியும். அவர் இவருடைய முகத்தைப் பார்த்தார், மீன் தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பருவம் எப்ப முடியும்?"

"சித்திரையில."

"சரி, அப்ப நான் சித்திரையில வாறன்."

"வராத," என்றார் இவர். "அடுத்த பருவத்துக்கும் எனக்கு ஆள் வேணும்."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர் வாயில் இருந்து வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான். அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, லொறியோடு வந்த கூட்டாளியிடம்தான் சொன்னார்.